கறிவேப்பிலைக்குள் ஒரு தரங்கம்பாடிக்காரர்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், ஆராய்ச்சி பற்றி இருந்தால் மாணவர்களுக்குப் பயன்படும் என்று நம்ம சங்கத்துச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, பிறகு பொறியியல் படித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கிறேன். ஆராய்ச்சிக்கும் எனக்கும் உள்ள உறவு ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சாப்பாட்டு விஷயம். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வந்தவுடன் நாம் எல்லோரும் செய்கிற முதல் காரியம் என்ன? கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது. அப்படி ஒதுக்கிய இலைக்கு உலகம் முழுக்க விஞ்ஞானிகள் வழங்கும் பெயரில், நம்ம தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒருவரின் பெயர் இருக்கிறது. தாவரவியல் மாணவர்களைக் கேட்டால் முர்ரயா கோனிகி என்று உடனே சொல்வார்கள். 1771-ல் லின்னேயஸ் அதற்கு முதலில் வைத்த பெயர் பெர்கெரா கோனிகி. இப்போது பலர் அந்தப் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறார்கள். முன்பாதி மாறினாலும் பின்பாதி மாறவில்லை. அந்தக் கோனிகி யார்?

யோகான் கெர்ஹார்டு கோனிக். தாவரவியல் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். டேனிஷ் கோட்டையையும் சீகன்பால்கையும் தெரிந்த நமக்குத்தான், அதே ஊரில் நடமாடிய இவரை அதிகம் தெரியாது.

ஐஸ்லாந்திலிருந்து தரங்கம்பாடி வரை

கோனிக் பிறந்தது 1728-ல், இன்றைய லாட்வியா நாட்டுப் பகுதியில். வாலிப வயதில் மருந்துக் கடைத் தொழில் கற்றார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் செடிதான். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வேர், பட்டை, விதை இவற்றைச் சரியாக அடையாளம் தெரிந்தவன்தான் நல்ல மருந்தாளன். அந்த ஆர்வம் அவரை 1757-ல் ஸ்வீடனில் உள்ள உப்சாலாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே பேராசிரியராக இருந்தவர் கார்ல் லின்னேயஸ். ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு சொல்லில் பெயர் என்ற முறையை நிலைநாட்டிய அதே லின்னேயஸ்தான்.

லின்னேயஸிடம் படித்த மாணவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. பாடத்தோடு நிற்க மாட்டார்கள். ஒருவர் ஜப்பான் போவார், ஒருவர் அரேபியா போவார். போன இடத்திலிருந்து செடிகளை உலர்த்தி ஆசிரியருக்கு அனுப்புவார்கள். திரும்பி வராமலே இறந்துபோனவர்களும் உண்டு. கோனிக்கின் பங்குக்கு முதலில் கிடைத்தது ஐஸ்லாந்து. டென்மார்க் அரசு தன் ஆட்சிக்கு உட்பட்ட நிலங்களின் தாவரங்களையெல்லாம் படத்தோடு பதிப்பிக்கும் பெரிய திட்டம் ஒன்றை நடத்திவந்தது. அதற்காக 1764, 1765-ல் அவர் ஐஸ்லாந்தில் சுற்றினார். அங்கே கண்டெடுத்த ஒரு சின்னஞ்சிறு செடிக்குக் கோனிகியா என்று தன் மாணவர் பெயரையே வைத்துவிட்டார் லின்னேயஸ். விரல் உயரம்கூட வராத செடி. குளிர்ப் பிரதேசத்தில் ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து முடிந்துபோகும். ஆக, வடதுருவத்தின் பக்கத்தில் ஒரு செடி, நம்ம வீட்டுக் கொல்லையில் ஒரு மரம், இரண்டிலும் அவர் பெயர்!

1767-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவர் வேண்டும் என்று தெரிந்து கப்பல் ஏறினார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஊர் அது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அவர்களிடம்தான் இருந்தது. வழியில் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் நின்றபோது அங்கேயும் இறங்கிச் செடி சேகரித்தார். 1768-ல் நம்ம கரையில் வந்து இறங்கினார். அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஊரில் அவர் பார்த்தது

காலையில் நோயாளிகள், மீதி நேரமெல்லாம் செடி கொடி என்று அவர் வாழ்க்கை ஓடியது. காவிரி கடலில் சேரும் இந்தப் பகுதியில் வயல் வரப்பு, வாய்க்கால் கரை, உப்பங்கழி, மணல் மேடு என்று நாலு மைலுக்குள் நாலு விதமான தாவரம் இருக்கிறது. பொறையாரிலிருந்து கடற்கரைக்கு நடந்து போனவர்களுக்குத் தெரியும். வரப்பில் கரிசலாங்கண்ணியைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் அடப்பங்கொடி வந்துவிடும். ஐரோப்பாவில் யாரும் முறையாக எழுதிவைக்காத செடிகள் அப்போது காலடியில் கிடந்தன. அவர் அவற்றை உலர்த்தி, விவரம் எழுதி லின்னேயஸுக்கு அனுப்பினார். 1771-ல் லின்னேயஸ் வெளியிட்ட புத்தகத்தில் அப்படிப் போன செடிகள் நிறைய. கறிவேப்பிலையும் அதில்தான் ஏறியது.

செடியோடு நிற்கவில்லை. பூச்சிகளையும் பிடித்து அனுப்பினார். லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபேப்ரீசியஸ் பூச்சியியலில் பெரிய பெயர் எடுத்தவர். கோனிக் அனுப்பிய பூச்சிகளை அவர் வரிசையாக விவரித்துப் பெயரிட்டார். பருத்தியிலும் வெண்டையிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சிவப்புப் பூச்சி, அதன் பெயரிலும் 1775 முதல் கோனிகி இருக்கிறது. நம்ம விவசாயிக்கு அது நல்ல பெயரா கெட்ட பெயரா என்று சொல்லத் தெரியவில்லை!

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கரையான் ஆராய்ச்சி. நாம் புற்றைக் கண்டால் கும்பிடுவோம், அல்லது பாம்பு இருக்கும் என்று ஒதுங்கிப் போவோம். கோனிக் புற்றைத் திறந்து பார்த்தார். உள்ளே அறைகள் எப்படி அமைந்திருக்கின்றன, ராணிக் கரையான் எங்கே இருக்கிறது, வேலைக்காரக் கரையான்கள் என்ன செய்கின்றன என்று உட்கார்ந்து கவனித்து எழுதினார். அந்தக் கட்டுரை 1779-ல் பெர்லின் இயற்கை அறிஞர் சங்கத்தின் வெளியீட்டில் ஜெர்மன் மொழியில் வந்தது. ஆப்பிரிக்கக் கரையான் பற்றி ஸ்மீத்மன் எழுதி லண்டனில் புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1781-ல்தான். தஞ்சைச் சீமைப் புற்று இரண்டு வருஷம் முந்திக்கொண்டது.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. மழைக்கு முன்னால் கிளம்பும் ஈசலை நம்ம ஜனங்கள் எப்படிப் பிடித்தார்கள் என்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை. காற்றுப் பக்கத்துத் துளையில் புகை போடுவார்கள். எதிர்ப்பக்கத்தில் வாசனை தடவிய பானையை வாய் பொருத்தி வைத்திருப்பார்கள். புகைக்குத் தப்பும் ஈசல் நேரே பானைக்குள் விழும். பிறகு மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்கள். எங்கள் பாட்டி ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து கொடுத்ததைச் சாப்பிட்டவன் நான். அந்தப் பழக்கம் 1779-ல் பெர்லினில் அச்சேறிவிட்டது என்று தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. விஞ்ஞானி புற்றைத் திறந்து பார்த்தார் சரி. அந்தப் புற்றைத் திறக்கத் தெரிந்தவர்கள் அவருக்கு முன்பே இங்கே இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பணம் யார் கொடுத்தது?

இனி, ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். இதற்கெல்லாம் பணம்?

மிஷன் கொடுத்தது மருத்துவருக்கான சம்பளம். அது சாப்பாட்டுக்கு ஆகலாம். மாட்டு வண்டி, கூலி ஆள், உலர்த்தும் காகிதம், கப்பலில் அனுப்பும் செலவு, ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய புத்தகம், இவற்றுக்கெல்லாம் போதவில்லை. 1773-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. நேரில் போகவே இல்லை, இங்கே இருந்தபடியே வாங்கினார். பட்டம் வந்ததே தவிரப் பணமுடை தீரவில்லை.

அதனால் 1774-ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவிடம் இயற்கை ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். நவாப் வேலையால் சோழமண்டலக் கரையிலும் உள்நாட்டு மலைகளிலும் சுற்ற வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் நவாப் யார்? கம்பெனிக்காரர்களிடம் கழுத்து வரை கடன் வாங்கியிருந்தவர். ஆற்காட்டுக் கடன் விவகாரம் பின்னால் லண்டன் பார்லிமெண்ட் வரை போய் நாறியது சரித்திரம். கடன்காரர் வீட்டில் சம்பளத்துக்கு நின்ற கதைதான்.

அடுத்து அவர் போனது சென்னையில் இருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். 1778-ல் மாதாந்திர உதவித்தொகை சாங்ஷன் ஆயிற்று. இன்று நாம் ஆராய்ச்சி நிதி என்று சொல்கிறோமே, அது ஏறக்குறைய இதுதான். திட்டம் எழுது, எங்கே போகப் போகிறாய் என்று சொல், என்ன கிடைக்கும் என்று காட்டு. கம்பெனி இயற்கையின் மேல் பிரியப்பட்டுக் கொடுக்கவில்லை. சாயம், மருந்து, வாசனைப் பொருள், விற்கக்கூடிய சரக்கு இவை எங்கே விளைகின்றன என்று தெரிந்தால் லாபம் என்ற கணக்கு. கோனிக்குக்கும் அது தெரியாமல் இல்லை. அவர் பயனுள்ள சரக்குகளைத் தேடினார், கூடவே பயனே இல்லாத ஆர்க்கிட் பூக்களையும் உட்கார்ந்து விவரித்தார்.

அந்தப் பணத்தில் அவர் போனது சயாம், மலாக்கா. 1778-ல் புறப்பட்டு, இன்று சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் ஃபூகெட் தீவில் இஞ்சிக் குடும்பத்துச் செடிகளையும் ஆர்க்கிட்களையும் பார்த்து எழுதி, 1780-ல் தரங்கம்பாடி திரும்பினார். கம்பெனி உதவித்தொகையை உயர்த்தியது. அதே வருஷம்தான் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. அதற்கடுத்த வருஷங்களில் தஞ்சைச் சீமையே சூறையாடப்பட்டது. அந்தக் காலத்திலும் அவர் சேகரிப்பதை நிறுத்தவில்லை. இலங்கைக்கும் போய் வந்தார்.

கூட்டு வேலை

கோனிக் தனி ஆளாக மட்டும் வேலை செய்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவரைச் சுற்றித் தரங்கம்பாடியில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. பாதிரிகள், மருத்துவர்கள். யாரும் தாவரவியல் பேராசிரியர் இல்லை. ஒருவருக்கொருவர் மாதிரிகளைக் கொடுத்து, வாங்கி, பேசி, பெயர் வைத்தார்கள். புதுச் செடிக்குப் பெயர் எழுதும்போது யார் வைத்தது என்ற இடத்தில் தனி ஆள் பெயருக்குப் பதிலாக நோபிஸ் என்று எழுதினார்கள். லத்தீனில் அதற்கு எங்களால் என்று அர்த்தம். பின்னால் வந்த தாவரவியலாளர்களுக்கு இது பெரிய தலைவலி. எதை யார் முதலில் கண்டது என்று பிரிக்க முடியவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று சண்டை நடக்கும் இந்தக் காலத்தில் இதைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-ல் வந்து, 1813-ல் இறக்கும் வரை தரங்கம்பாடிதான். பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டே கடல் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பினார். நாம் கத்தாளை என்று வாங்குகிறோமே, அதில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்றே பெயர். அதில் ஒரு மீனின் முழுப் பெயர் ஜானியஸ் கருத்தா. அந்தக் கருத்தா லத்தீன் இல்லை, நம்ம தமிழ்தான், கறுத்த கத்தாளை! மீன் கொண்டுவந்தவர் வாயில் வந்த சொல் அப்படியே விஞ்ஞானத்துக்குள் போய்விட்டது. இருதலைப் பாம்பு என்று நாம் சொல்லும் மண்ணுளிப் பாம்பின் பெயரிலும் இந்த ஜான் இருக்கிறார்.

இன்னொருவர் ரோட்லர் பாதிரியார், 1776-ல் வந்தவர். அவர் சேர்த்த உலர்செடித் தொகுப்பு இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. தமிழ் மாணவர்களுக்கு அவரை வேறு விதத்தில் தெரிந்திருக்கும். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தவர். அது 1834 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, 1836-ல் அவர் சென்னை வேப்பேரியில் இறந்த பிறகுதான் முழுமையடைந்தது.

மூன்றாவது ஆள் தரங்கம்பாடிக்காரர் இல்லை. கம்பெனி மருத்துவரான வில்லியம் ராக்ஸ்பர்க். கோனிக்கைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர், நண்பர், சீடர் மாதிரி. பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராகி, இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பெயர் வாங்கினார். அவருக்குப் பாதை காட்டியவர்களில் முக்கியமானவர் கோனிக்.

முடிக்காமல் போனது

1785-ல் வடக்கே ஆந்திரக் கரையில் பயணத்தில் இருந்தபோது கோனிக்குக்குச் சீதபேதி கண்டது. ராக்ஸ்பர்க் கூட இருந்து கவனித்தார். பிழைக்கவில்லை. ஜூன் 26 அன்று காக்கிநாடா பக்கத்தில் ஜகந்நாதபுரத்தில் உயிர் பிரிந்தது. வயது 56.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பதினேழு வருஷம் இந்தியாவில் வேலை செய்த இந்த மனிதர், தன் பெயரில் ஒரு முழுப் புத்தகம் வெளியிடவில்லை. சில கட்டுரைகள் உண்டு. மற்றதெல்லாம் குறிப்பு, நோட்டு, உலர்ந்த செடி. ஃபூகெட்டில் எழுதிய விவரங்களை ஸ்வீடனில் இருந்த ரெட்சியஸ் தன் நூலில் சேர்த்து வெளியிட்டார். ஒரு பகுதி 1783-ல் வந்தது. ஆர்க்கிட் பகுதி வந்தது 1791-ல், அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து. சயாம் பயண நாட்குறிப்பு ஆங்கிலத்தில் அச்சானது 1894-ல். எழுதி 115 வருஷம்!

அது கூட வந்திருக்காது. இறப்பதற்கு முன் தன் காகிதங்களையெல்லாம் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குச் சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அதனால்தான் அவை லண்டனில் பத்திரமாக இருந்தன. ஜகந்நாதபுரத்திலேயே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் வாழ்நாள் முழுக்கப் படித்த கரையானே சாப்பிட்டிருக்கும்.

ஒரு வருத்தமும் இருக்கிறது. இங்கே விளைந்த செடி, இங்கே பிடித்த மீன், இங்கே எழுதிய குறிப்பு. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் லண்டன், கோபன்ஹேகன், ஸ்வீடனில் லுண்ட் என்று போக வேண்டும். பணம் கொடுத்தவன் வீட்டுக்குத்தான் பொருள் போகும் என்பது அன்றைய நியாயம். நம்ம ஊர் ஆராய்ச்சி நம்ம ஊரிலேயே இருக்க வேண்டுமானால் நாமும் கொஞ்சம் பணம் போட வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த நோட்டு

இனி என் நோட்டுக் கதை. சுனாமி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. கடல் தண்ணீர் கிணறுகளுக்குள் புகுந்ததைக் கண்ணால் பார்த்தவன். இங்கே மூன்றாம் வருஷம் படிக்கும்போது, அந்தக் கிணறுகள் எவ்வளவு தூரம் நல்ல தண்ணீருக்குத் திரும்பியிருக்கின்றன என்று அளந்து பார்க்கலாமே என்று ஒரு யோசனை. எங்கள் சார் சரி என்றார். நிதி கிடையாது. தண்ணீரில் உப்பு அளக்கும் கையடக்கக் கருவியை அவரே தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார். சைக்கிளில் நானும் இரண்டு நண்பர்களும் கடற்கரையிலிருந்து உள்ளே வரை 41 கிணறுகள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. கிணற்றுக்காரர்கள் சொன்னதையும் எழுதிவைத்தோம். எந்தக் கிணற்றில் பருப்பு வேகவில்லை, எந்தக் கிணற்றில் சோப்பு நுரைக்கவில்லை என்பது வரை. கருவி சொல்வதற்கு முன்பே அந்த வீட்டு அம்மாக்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

பரீட்சை வந்தது. ரிப்போர்ட் என்று பத்துப் பக்கம் ஒப்பேற்றி மார்க் வாங்கினேன். நன்றாக எழுதி எங்காவது அனுப்பலாம் என்று சார் இரண்டு மூன்று தடவை சொன்னார். செய்கிறேன் சார் என்றேன். பிறகு மேற்படிப்பு, வேலை, கல்யாணம், ஓசூர். சார் ஓய்வு பெற்றுவிட்டார். தப்பு முழுக்க என்னுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை. அந்த அளவுகளை இன்று யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அந்த வருஷத்துத் தண்ணீர் அந்த வருஷத்தோடு போய்விட்டது. இடையில் சில கிணறுகளையே மூடிவிட்டார்கள்.

கோனிக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அலமாரி மேல் ஏறித் தேடினேன். நோட்டு இருக்கிறது. ஒரு ஓரம் நைந்திருக்கிறது, எண்கள் தெளிவாக இருக்கின்றன.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் என்பது மார்க்குக்கு மட்டும் இல்லை. அளந்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். எழுதியதை ஒரு பிரதி கல்லூரியில் வையுங்கள். பொறியியல், வேளாண்மை, முதுநிலை அறிவியல் மாணவர்களின் செயல்திட்டங்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் உதவித்தொகை வழங்கிவந்திருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். கோனிக் மூன்று வாசலில் நின்று கேட்டார்.

பழைய மாணவர்களான நமக்கும் ஒன்று. சந்திப்பு நாளில் பிரியாணியும் போட்டோவும் இருக்கட்டும். கூடவே ஒரு சின்ன நிதி வைப்போம். பெரிய தொகை வேண்டாம். ஒரு கருவி, பஸ் கட்டணம், பரிசோதனைக் கட்டணம். இப்போது இருக்கும் ஆசிரியர்கள் கைக்காசு போடாமல் இருக்கிற அளவுக்கு. என் பங்கைச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

நோட்டைச் சந்திப்பு அன்று கொண்டுவந்து நூலகத்தில் சேர்க்கிறேன். 41 கிணறுகளில் இன்னும் இருப்பவற்றை மறுபடி அளக்க யாராவது தம்பியோ தங்கையோ முன்வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். சைக்கிள் இருக்கிறது. பழைய வேகம்தான் இருக்காது.

அடுத்த தடவை மெஸ்ஸில் கறிவேப்பிலையை ஒதுக்கும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். முடிந்தால் மென்று சாப்பிடுங்கள். தலைமுடிக்கும் நல்லது என்று அம்மா சொல்வார்கள்.